தள்ளாடுறவங்க எல்லாம் குடிச்சவங்களா?

மத்தியானம் மூணு மணி. பஸ் ஸ்டாப்பில் ஒருத்தர் காலை அகட்டி வெச்சு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாஞ்சு சாஞ்சு நடந்து வர்றார். பேச்சும் குழறுது. நம்ம பசங்க என்ன சொல்வாங்க? ‘பார்றா, பட்டப்பகல்லயே சரக்கு!’ அவ்வளவுதான், கேஸ் க்ளோஸ்!

ஆனா பாஸ், அவர் வாழ்க்கையில ஒரு சொட்டுகூடத் தொடாதவரா இருக்கலாம். அவருக்கு இருக்கறது அட்டாக்ஸியாவா இருக்கலாம்.

அட்டாக்ஸியாங்கறது தனி ஒரு நோய் இல்லை. பல நோய்களில் தெரியற அறிகுறி. கிரேக்கத்தில் ‘ஒழுங்கில்லாமை’னு அர்த்தம். கை, காலில் பலம் இருக்கும். ஆனா, நினைச்ச இடத்துக்கு, நினைச்ச அளவுல போகாது. ஏன்?

இன்ஜினீயரிங் மக்களுக்கு இது ஈஸி. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் வர்ற ஃபீட்பேக் லூப் ஞாபகம் இருக்கா? சென்ஸார் தகவல் கொடுக்கும், கன்ட்ரோலர் திருத்தும். நம்ம உடம்பிலும் அதே கதைதான்.

கன்ட்ரோலர் காலி!

தலைக்குப் பின்பக்கம் கீழே இருக்கற சிறுமூளைதான் கன்ட்ரோலர். பேர்தான் சிறுசு. மூளையில இருக்கற சுமார் 8,600 கோடி நரம்பு செல்களில் கிட்டத்தட்ட 6,900 கோடி இங்கேதான் இருக்கு! இது பழுதானா, டம்ளரை எடுக்கப்போற கை அதைத் தாண்டிப் போயிடும். பக்கத்துல நெருங்க நெருங்க நடுக்கம் கூடும். கண் ஆடும், பேச்சு துண்டு துண்டா வரும். ‘உங்க மூக்கைத் தொட்டுட்டு என் விரலைத் தொடுங்க’னு டாக்டர் சொல்றது இதைப் பார்க்கத்தான். ஆல்கஹாலும் சிறுமூளையைப் பாதிக்கும். அதனாலதான் ரெண்டு நடையும் ஒரே மாதிரி தெரியுது.

சென்ஸார் காலி!

இருட்டிலயும் உங்க கால் எங்கே இருக்குனு உங்களுக்குத் தெரியுமே, எப்படி? தண்டுவடத்தின் பின்பகுதி நரம்புகள் மூளைக்குச் சொல்லிட்டே இருக்கு. அந்த லைன் கட் ஆனா, கண்ணால தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் நடக்கணும். முகம் கழுவக் கண்ணை மூடினா தடுமாறி விழுவாங்க! காலைச் சேர்த்து நிக்க வெச்சு கண்ணை மூடச் சொல்ற டெஸ்ட்டுக்கு, 19-ம் நூற்றாண்டு ஜெர்மன் டாக்டர் ராம்பெர்க் பேர்தான். சிறுமூளைக் கோளாறுன்னா கண்ணைத் திறந்திருந்தாலே ஆட்டம் இருக்கும்.

எதனால வருது?

இங்கே கேக்க வேண்டிய முதல் கேள்வி, ‘எவ்வளவு வேகமா வந்தது?’ சில நிமிஷத்துல வந்தா, சிறுமூளையில பக்கவாதமா இருக்கலாம். சில குழந்தைகளுக்கு அம்மை போன கொஞ்ச நாளிலேயே வந்து, பெரும்பாலும் தானே சரியாயிடும். வாரக்கணக்கில் வளர்ந்தா கட்டி, வைட்டமின் பி12 குறைபாடு, வலிப்புக்குத் தர்ற ஃபெனிட்டாயின் மாத்திரை உடம்புல கூடிப்போறதுனு லிஸ்ட் நீளும். பார்ட்டியில சிலர் இழுக்கற ‘சிரிப்பு வாயு’கூட பி12-ஐச் செயலிழக்க வெச்சு தண்டுவடத்தைக் கெடுக்கும். கடுமையான ஹீட் ஸ்ட்ரோக்கும் சிறுமூளை செல்களைக் கொல்லும். இதுல பி12 குறைபாடு, மாத்திரை அளவு இதெல்லாம் சீக்கிரம் கண்டுபிடிச்சா சரிபண்ணக்கூடியது.

வருஷக்கணக்கில் மெதுவா வந்தா, பரம்பரையா இருக்கலாம். 1863-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் டாக்டர் ஃப்ரெடரிக் விவரிச்ச அட்டாக்ஸியா அந்த ரகம். பெரும்பாலும் 5 வயசுக்கும் 15 வயசுக்கும் நடுவுல ஆரம்பிக்கும். முதல்ல நடை, அப்புறம் கை, பேச்சு. முதுகு வளையும், பாதம் குழியும், இதயத் தசையும் பாதிக்கப்படும். ஆனா புத்திக்கு ஒரு குறையும் இருக்காது!

1996-ல் இதுக்கான ஜீனைக் கண்டுபிடிச்சாங்க. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பழுதான ஜீன் வந்தாதான் நோய் வரும். ரெண்டு பேருமே அதைச் சுமந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு சான்ஸ். சொந்தத்துல கல்யாணம் பண்ணும்போது இந்த மாதிரி நோய்களுக்கான ரிஸ்க் கூடறது இதனாலதான். மாமன் மகள், அத்தை மகன் பேச்சு நடக்கற வீடுகள் இதை யோசிக்கணும். 2023 பிப்ரவரியில் ஓமாவெலாக்ஸலோன்கற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இந்த நோய்க்கு அனுமதி கிடைச்ச முதல் மருந்து அதுதான். குணமாக்காது, வேகத்தைக் குறைக்கும்.

நாம என்ன செய்யலாம்?

திடீர்னு ஒருத்தர் தள்ளாடி, கூடவே வாந்தி, தலைவலி, ரெட்டையா தெரியுதுன்னு சொன்னா, ‘போதை தெளிஞ்சா சரியாயிடும்’னு ஓரமா உட்கார வைக்காதீங்க. பக்கவாதமா இருந்தா, ரத்தக் கட்டியைக் கரைக்கற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

உங்க க்ளாஸ்லயே ஒரு ஃப்ரெண்டு மாடிப்படியில சுவரைப் பிடிச்சு இறங்கறாரா? கையெழுத்து மாசத்துக்கு மாசம் மோசமாகுதா? பட்டப்பேர் வைக்கறதுக்கு முன்னாடி, நரம்பியல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஏற்கெனவே நோய் தெரிஞ்சவரா இருந்தா, உங்க நடை வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு கூடவே நடங்க மக்கா!