தேடிய வழிக்கும் புள்ளி வேண்டும்

செய்தி எங்கே கிடைக்கும் என்று அறிந்து தேடவும், கிடைத்ததன் தராதரத்தை ஆராயவும், ஆராய்ந்ததைத் தன் சொல்லில் எடுத்துரைக்கவும் வல்ல ஆற்றலை மாணாக்கர்க்கு ஊட்ட வேண்டும் என்பதில் நம் நாட்டுக் கல்வியாளரிடையே இன்று அபிப்பிராய பேதம் இல்லை. ஆயினும், தகவல் எழுத்தறிவு என்று போற்றப்படும் அவ்வாற்றலுக்குப் புள்ளியிடும் வேளை வரும்போது, மாணவன் கொண்டுவந்து சேர்த்த விடயத்தை அளக்கிறோமேயன்றி, அதனை அவன் தேடியடைந்த வழியை அளப்பதில்லை. வழியை அளக்கத் துணியாதவரை அவ்வாற்றலைக் கற்பித்தவராக மாட்டோம் என்பதே நமது துணிபு.

ஒப்படை கொடுக்கப்பட்ட வாரத்தில் திருகோணமலைப் பாலையூற்றிலோ அதனை அடுத்த ஊரிலோ ஒரு கொமினிகேஷன் கடை வாசலில் சிறிது நேரம் நின்றால் இதன் உண்மை விளங்கும். “அண்ணா, டெங்கு ஒழிப்பு, பத்துப் பக்கம் எடுத்துத் தாங்க” என்று பிள்ளை கேட்க, கணினியில் முதலில் எதிர்ப்பட்ட பக்கத்தைக் கடைக்காரர் அச்சிட்டுக் கொடுக்கிறார். வீட்டில் தாயார் நிறத்தாள் அட்டை போட, அக்காள் ஓரக்கோடு வரைய, எவரும் முழுதாக வாசித்திராத அந்தப் பத்துப் பக்கம் மறுநாள் ஆசிரியர் மேசையில் நல்ல புள்ளி பெறுகிறது. இப்பொழுதோ, கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலி அரை நிமிடத்தில் அழகிய கட்டுரையையே ஆக்கிக் கொடுத்துவிடுவதால், கடைக்காரரும் வேண்டாதவராகி வருகிறார். பிள்ளையைக் குறைகூறுவதில் நியாயமில்லை. எதற்குப் புள்ளி கிடைக்குமோ அதனையே அது செய்கிறது.

இத்துறையில் நாம் பிறரிடம் இரவல் வாங்க வேண்டிய நிலையிலும் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் 2004ஆம் ஆண்டு நவம்பரில் கூட்டிய பயிலரங்கிலே, ஆசிய நாடுகள் பலவற்றின் நூலகர்கள் ஒருங்கிருந்து எட்டுப் படிகளைக் கொண்ட ஒரு மாதிரியை வகுத்தனர். வேண்டியது யாதென இனங்காணல், தேடல், தெரிந்தெடுத்தல், ஒழுங்குபடுத்தல், ஆக்கல், முன்வைத்தல், மதிப்பிடல், பிரயோகித்தல் என்பன அவை. ‘எம்பவரிங் எயிட்’ என்னும் பெயரால் நூலகவியலார் அறிந்த அம்மாதிரி, இலங்கை மண்ணிற் பிறந்து இருபது ஆண்டுகள் கடந்த பின்னும், நம் பிள்ளைகளின் புள்ளிப் பதிவேட்டில் அதற்கு இடமில்லை. எட்டுப் படிகளுள் ‘முன்வைத்தல்’ என்னும் ஒன்றையே நாம் பார்க்கிறோம்; அதிலும் அட்டையையே பெரும்பாலும் பார்க்கிறோம்.

வழியை அளப்பது இயலுமா என்று வினவுவோர்க்கு அண்மையிலுள்ள ஓர் உதாரணம் காட்டலாம். பிரித்தானியர் 1930களில் நிறுவிய சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் பாலையூற்றுப் பிள்ளைகளுக்குப் புதியன அல்ல. 1942 ஏப்ரில் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, விமானியொருவர் வேண்டுமென்றே தாங்கியொன்றின்மேல் மோதித் தம்மை மாய்த்துக்கொண்டார் என்னும் கதை இப்பகுதியில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அவர் கருதியே மோதினாரா, சுடப்பட்டுக் கட்டுப்பாடிழந்து வீழ்ந்தாரா என்பதை ஒரு வகுப்புக்கு ஒப்படையாகக் கொடுத்துப் பாருங்கள். இக்கதையைச் சொல்லும் பெரியவர் தாம் கண்டதைச் சொல்கிறாரா, கேட்டதைச் சொல்கிறாரா? யுத்தம் முடிந்து பல்லாண்டுக்குப் பின் எழுதிய ஆசிரியர் எதனை ஆதாரமாகக் கொண்டார்? ஒரே வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லும் பத்து இணையப் பக்கங்கள் பத்துச் சாட்சிகளா, ஒரே சாட்சியா? இவ்வினாக்களை எழுப்பிக்கொண்டு, எங்கே தேடினேன், எதனைத் தள்ளினேன், ஏன் தள்ளினேன் என்று குறிப்பேட்டில் எழுதி, ‘கிடைத்த ஆதாரங்களைக்கொண்டு என்னால் தீர்மானிக்க இயலவில்லை’ என்று முடிக்கும் மாணவிக்கு, வீரதீரக் கதையை வண்ணப்படத்தோடு ஒப்புவித்த மாணவனிலும் மிகுதியான புள்ளி வழங்கப்படுமாயின், அன்றே அவ்வகுப்பில் கல்வி திசைதிரும்பிவிடும்.

இது மேனாட்டார் புதிதாகக் கண்ட வித்தையும் அன்று. காண்டல், கருதல், உரை எனப் பிரமாணங்களை வகுத்து, அளவையை முன்வைத்தே சிவஞான சித்தியார் சாத்திரத்தைத் தொடங்குகிறது; சொன்னவர் நம்பத்தக்க ஆப்தரா என்ற விசாரணை நம் மரபில் அறிவின் தலைவாயிலாக இருந்தது. ஆப்தரை ஆராய்வதென்பது எல்லாவற்றையும் ஐயுறுவதும் அன்று. 2012 ஏப்ரில் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, பேரலை வராமற் போயினும், உரிய அதிகாரிகளின் சொல்லை நம்பிக் கரையை விட்டு அகன்றவர் செய்தது விவேகமே. நம்ப வேண்டிய இடத்தை அறிதலும் ஐயுற வேண்டிய இடத்தை அறிதலும் ஒரே ஆற்றலின் இரு கூறுகள். பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுச் சர்வதேச மதிப்பீட்டில், செல்வ நாடுகளின் 15 வயது மாணவருள்ளும் பத்தில் ஒருவருக்குக் குறைவானவரே, நுண்ணிய குறிப்புகளைக்கொண்டு உண்மையையும் அபிப்பிராயத்தையும் பிரித்தறிய வல்லவராயிருந்தனர். கருவிகள் மலிந்த இடத்திலும் இவ்வாற்றல் தானாக வருவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பொதுப் பரீட்சையில் ஒரு வினாத்தாளைச் சேர்த்துவிட்டால் எல்லாப் பாடசாலைகளும் சிரத்தை கொள்ளுமே என்பர் சிலர். பரீட்சைக்கு வராத எதனையும் நம் சமூகம் மதிப்பதில்லையாதலால் அவர் கூற்றில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், அவ்வினாத்தாள் வந்த மறு ஆண்டே எட்டுப் படிகளையும் மனப்பாடம் செய்விக்கும் ரியூசன் வகுப்புகள் தோன்றிவிடும். படிகளின் பெயரை ஒப்புவிப்பவன் ஒரு பொய்ச் செய்தியைக்கூட இனங்காணாதவனாக இருத்தல் கூடும். ஆசிரியரின் பணிச்சுமையும் பட்சபாதமும் பற்றிய அச்சம் இதனினும் பாரதூரமானது. வருடத்திற்கு ஏழெட்டு ஒப்படைகளைப் பெயரளவில் வாங்குவதை விடுத்து, இரண்டை மட்டும் செம்மையாகச் செய்வித்து, ஒவ்வொரு பிள்ளையையும் ஐந்து நிமிடம் வாய்மொழியாக வினவினால் சுமை பெருகாது. குறிப்பேடுகளுட் சிலவற்றை அயற்பாடசாலை ஆசிரியர் மறுபரிசீலனை செய்தால் பட்சபாதமும் குறையும்.

ஆகவே, பாடசாலை மட்டக் கணிப்பீட்டில், ஒப்படைக்குரிய புள்ளிகளுட் பாதியேனும் தேடற் குறிப்பேட்டிற்கும் வாய்மொழி வினாவிற்கும் ஒதுக்கப்படல் வேண்டும். அப்புள்ளியை இடுவதில் பாட ஆசிரியரோடு ஆசிரிய நூலகருக்கும் பங்கு வேண்டும். வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள அவரை அனுப்பி, நூலகக் கதவைப் பூட்டிவைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். மோகனாங்கி என்னும் வரலாற்று நாவலை 1895இல் வெளியிட்ட திருகோணமலையார் தி. த. சரவணமுத்துப்பிள்ளை, சென்னையிலே கீழைத்தேயச் சுவடிகளைக் காத்த நூலகர் என்பதை நினைவுகூரும் ஊரார்க்கு, நூலகர் புத்தகக் காவலர் மட்டுமல்லர் என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. நூல்கள் போதா என்னும் குறையையும், ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் இலவசமாக வழங்கும் நூலகம் நிறுவனத்தின் சேகரிப்பு ஓரளவு தீர்க்கும்.

இவற்றுக்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ வேண்டியதில்லை. புள்ளியிடும் முறைபற்றிய ஒரு சுற்றுநிருபமும், அதனை நிறைவேற்றும் ஆசிரியர்க்கு விடுமுறைக்காலத்தில் ஒரு வாரப் பயிற்சியும் போதும். அடுத்த தவணைக்கு முன்னரே திருகோணமலை வலயக் கல்வி அலுவலகம் சில பாடசாலைகளில் இதனைப் பரீட்சார்த்தமாகத் தொடங்குமாயின், அதன் பலாபலனைக் கண்டு மாகாணம் முழுவதற்கும் விரிப்பதா என்று முடிவு செய்யலாம்.