கேள்வி கேட்டவரை யார் கேட்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. படிக்காமல் லைக் போட்டுவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும், முப்பது வருஷம் வீட்டுப்பாடம் திருத்தியவன்.

என் பழைய மாணவர் ஒருவர் ஒரத்தநாடு பக்கம் பத்து மா நடுகிறார். கடந்த ஐப்பசியில் ஒரு பாட்காஸ்ட் அனுப்பினார். "சார், நம்ம டெல்டாவைப் பத்தி ஒரு மணி நேரம் பேசியிருக்காரு. கேளுங்க சார்." பேசியவர் முன்பு தொலைக்காட்சியில் செய்தியாளராக இருந்தவர். பெயர் வேண்டாம். நல்ல குரல், பிசிறில்லாத தமிழ். பாதியில் சொல்கிறார்: கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல் மழையில் நனைகிறதாம். அக்டோபரில் ஏது சம்பா நெல்? அப்போதுதான் நாற்று பறித்து நடவு நடக்கும். நனைந்தது குறுவை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டையை எடுக்க மாட்டார்கள் என்பதுதான் எங்கள் தலைவலி. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே பார்த்தால் "அருமை அண்ணா", "தரமான பதிவு".

அன்றிலிருந்து இதே யோசனை.

ரங்கராஜ் பாண்டேயை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அரசியல் எனக்கு ஒப்பாது. ஆனால் தினமலர் செய்தியாளராக இருந்து, தந்தி டிவிக்கு வந்து, 'கேள்விக்கென்ன பதில்' நடத்திய காலத்தில் அதை நான் தவறவிட்டதில்லை. எதிரே சீமானோ சுப.வீரபாண்டியனோ உட்கார்ந்திருப்பார். அவர்கள் முன்பு பேசியதை எடுத்து வைத்துக்கொண்டு இவர் மடக்குவார், அவர்களும் விடமாட்டார்கள். இரண்டு பக்கமும் சூடு பறக்கும். பார்க்கிற நமக்கு யார் தடுமாறினார் என்று தெரிந்துவிடும். சில நாள் தடுமாறியது பாண்டேதான், அதையும் பார்த்தோம். 2018 டிசம்பரில் தந்தியை விட்டார். அடுத்த வருஷம் 'சாணக்யா' என்று சொந்தச் சேனல். அதே 2019 ஆகஸ்டில் 'நேர்கொண்ட பார்வை' படத்தில் அஜித்துக்கு எதிர்த்தரப்பு வக்கீலாகவும் வந்தார். அங்கேயும் குறுக்கு விசாரணைதான், விடவில்லை மனுஷன்.

இப்போது சாணக்யாவில் நேர்காணலும் உண்டு, ஆனால் அவர் தனியாக நம்மைப் பார்த்துப் பேசுவதே அதிகம். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. மறுபக்கம், நியூஸ்18 தமிழ்நாட்டில் விவாதம் நடத்திய செந்தில்வேல் 'தமிழ் கேள்வி' நடத்துகிறார். அவர் அரசியல் வேறு, வடிவம் ஏறத்தாழ இதுதான். பாண்டேயைக் கேட்பவர் செந்தில்வேலைக் கேட்பதில்லை, செந்தில்வேலைக் கேட்பவர் பாண்டேயைக் கேட்பதில்லை. முன்பு ஒரே அறையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டவர்கள் இப்போது ஆளுக்கொரு வீட்டில்.

வெளியே வந்ததைக் குறை சொல்லவில்லை. என்.டி.டி.வி. அதானி கைக்குப் போகும் நேரத்தில், 2022 நவம்பர் 30 அன்று, ரவீஷ் குமார் ராஜினாமா செய்தார். மகசேசே விருது வாங்கியவர். அவருக்கு யூடியூப் இல்லையென்றால் வேறு போக்கிடம் ஏது? முதலாளி, விளம்பரம், கேபிள் என்று ஆயிரம் கயிறு. விவாதத்தில் நாலு பேர் கத்துவதற்கு, ஒருவர் ஒரு மணி நேரம் நிதானமாகப் பேசுவது காதுக்கும் நல்லதுதான்.

ஆனால் அவர்கள் வெளியே கொண்டுவருவது குரலை மட்டும். மாவட்டச் செய்தியாளரைக் கொண்டுவர முடிவதில்லை. "தம்பி, இது தப்பு, எடு" என்று சொல்கிற செய்தி ஆசிரியரையும் கொண்டுவர முடிவதில்லை.

பழைய கதை ஒன்று. 1960களில் ஆடுதுறை 27 என்ற ரகத்தைத் தஞ்சை மாவட்டத்தில் எல்லோரும் 'ரேடியோ நெல்' என்றுதான் சொன்னோம். திருச்சி வானொலி சொல்லிச் சொல்லி வயலுக்கு வந்த நெல். எங்கள் அப்பா அதை நட்டவர். அந்தக் குரலை அவர் நம்பியதற்குக் காரணம் குரல் இல்லை. அதற்குப் பின்னால் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இருந்தது, சைக்கிளில் வருகிற விரிவாக்க அலுவலர் இருந்தார். தப்பென்றால் அவர் சைக்கிளை மறித்துக் கேட்கலாம்.

கஜாவை மறந்திருக்க மாட்டீர்கள், 2018 நவம்பர் 16. முதல் நாள் அரசின் முன்னெச்சரிக்கையை எதிர்க்கட்சியே பாராட்டியது. பிறகுதான் செய்தியாளர்கள் பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று உள்ளே போய், சாய்ந்து கிடந்த தென்னந்தோப்புகளைக் காட்டினார்கள். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர பதினெட்டு நாள். தாமதமாகத்தான் வந்தார்கள், எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனாலும் கேமராவோடு ஒரு பையன் சேற்றில் நின்றான். நாளைக்கு இன்னொரு கஜா வந்தால், சென்னையில் ஒலிவாங்கி முன்னால் இருப்பவருக்கு யார் சொல்வது? அவர் பேப்பர் பார்த்துத்தான் பேச வேண்டும். அந்தப் பேப்பருக்கும் ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

சந்தா கட்டச் சொல்கிறார்கள், கட்டுகிறேன். அந்தப் பணத்தில் மாவட்டத்துக்கு ஒருவரை, வேண்டாம், டெல்டாவுக்கு ஒரே ஒருவரையாவது வைத்துக்கொள்ளுங்கள். பேசியது தப்பென்று தெரிந்தால் அடுத்த பகுதியில் முதல் நிமிஷத்திலேயே சொல்லுங்கள். வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்டால் மறுநாள் அதே கரும்பலகையில் அழித்துப் போடுவோம். மரியாதை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அந்தச் சம்பா விஷயத்தைக் கமெண்டில் எழுதினேன். முந்நூறு 'அருமை அண்ணா'வுக்கு அடியில் அது இன்னும் கிடக்கிறது. மாணவரிடம் சொன்னேன். "நீங்களே போன் பண்ணிச் சொல்லிடலாமே சார்" என்றார்.

"எந்த நம்பருக்குப்பா?" என்றேன்.