பாண் வண்டியிற் சென்ற சித்திரக் கொப்பி

மட்டக்களப்பிலிருந்து வாசகி ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தமது ஊரிற் சித்திரம் வரையும் ஆசையுள்ள 12 பேர் சேர்ந்து ஒரு கூட்டம் நடத்துகின்றனராம். மழையென்றும் பரீட்சையென்றும் இரண்டு மாதம் கூடாதிருந்துவிட்டு மீண்டும் கூடியபோது ஐவரே வந்தனராம். கூட முடியாத காலத்திற் கூட்டத்தைக் கலையாது வைத்திருப்பது எங்ஙனம் என்பது அவரது வினா. நூலறிவு கொண்டு இதற்கு விடை கூற எம்மால் இயலாது. ஆயின், 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களில் எம் ஊர்ச் சித்திரக் கூட்டத்துக்கு நேர்ந்ததைக் கூறலாம். அதில் எமது பிழையும் ஒன்றுண்டு. அதனை மறைத்தாற் கதை விளங்காது.

யாழ்ப்பாணத்திற் பொழுதுபோக்காகச் சித்திரம் பயில்வோர் கூடுவது புதிய வழக்கமன்று. 1938இல் எஸ். ஆர். கனகசபை அவர்கள் வின்ஸர் சித்திரக் கழகத்தைத் தோற்றுவித்தார். பின்னாளில் ஓவியர் அ. மாற்கு அவர்கள் நடத்திய விடுமுறைக்கால ஓவியர் கழகத்தின் இயல்பை அதன் பெயரே சொல்லும். அவ்வழியில் வந்தோமென்று பெருமை பேச எம் கூட்டத்துக்குத் தகுதி போதாது. ஞாயிறுதோறும் மாலை 4 மணிக்கு வாசிகசாலை மாடியிற் கூடும் 17 பேர் நாம். தாதியார் ஒருவர், தையற்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற தபாலதிபரும் அவர் துணைவியாரும், உயர்தர வகுப்பு மாணவர் சிலர், எம்போன்ற ஆசிரியர் என்றிவ்வாறு பலரும் உளர். எல்லோருக்கும் மூத்தவர், முன்னாளிற் கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதிச் சீவித்த பெரியவர். எழுபதைக் கடந்தவர், தனியாக வாழ்பவர். ஒரு மணி நேரம் வரைந்தபின் படங்களையெல்லாம் கயிற்றிற் கொழுவுவோம். ஒவ்வொருவரும் பிறர் படமொன்றைப் பற்றி ஒரு நிறையும் ஒரு குறையும் சொல்லியே தீரவேண்டும். எமது ஒரே சட்டம் அதுதான்.

2020 மார்ச் 13இற் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. பல மாவட்டங்களில் அது இடையிடையே தளர்த்தப்பட்டபோதும், அபாய வலயங்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்ட யாழ்ப்பாணம் அடைபட்டே கிடந்தது.

முதல் வாரத்திலேயே மாணவர் ஒருவர் கைப்பேசியில் வைபர் குழுவொன்றை அமைத்துவிட்டார். கூட்டம் முன்னிலும் சுறுசுறுப்பாயிற்றென்றே நாமெல்லோரும் எண்ணினோம். அமெரிக்காவின் கெற்றி அருங்காட்சியகம் அந்நாட்களில் ஒரு விளையாட்டைப் பரப்பியிருந்தது. புகழ்பெற்ற ஓவியமொன்றை வீட்டுப் பொருள்களைக் கொண்டு நடித்துக் காட்டிப் படமெடுத்து அனுப்ப வேண்டும். தபாலதிபரின் துணைவியார் ரவிவர்மாவின் தமயந்தியாக நின்றார். அன்னத்துக்குப் பதிலாக வீட்டுக் கோழி. தூது கேட்கவேண்டிய கோழி மூன்றாம் முறையும் மதிலேறி ஓடிவிடவே, தமயந்தி சிரித்தபடி தனித்து நிற்கும் படமே எமக்கு வந்து சேர்ந்தது.

வர்ணம் வாங்கக் கடையில்லை. ஆகவே ஆளுக்கொரு வைத்தியராகினோம். பூவரசங் குச்சிகளைப் பால்மா ரின்னில் அடைத்து, காற்றுப் புகாது மண்பூசி, அடுப்புத் தணலில் வைத்தெடுத்தால் வரைதற்கேற்ற கரி கிடைக்கும். தேயிலைச் சாயம் மண்ணிறம் தந்தது. சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம். அதில் தேசிக்காய்ப் புளி இரண்டு துளி விட்டால் ஊதா. மஞ்சளிற் சுண்ணாம்பு சேரச் சிவப்பாகும் என்பதை ஆலாத்தி எடுக்கும் எந்தப் பெண்மணியும் அறிவார். ஆனால் அவ்வாண்டு மஞ்சள் விற்ற விலையில், அதனைக் கடதாசியிற் பூசுவதைக் கண்ட எம் இல்லத்தரசி எம்மோடு அரைநாள் பேசவில்லை!

இவை யாவும் இனியனவே. எனினும் ஏதோ குறைகின்றது என்பதை மெல்ல உணர்ந்தோம். கைப்பேசிக் குழுவிற் குறை சொல்வார் எவருமில்லை. எதை அனுப்பினும் உயர்த்திய பெருவிரல் ஒன்று வரும், அவ்வளவே. வெள்ளைக் கடதாசி மின்விளக்கின் கீழ் மஞ்சளாய்த் தெரிய, வர்ணத்தைப் பற்றிப் பேசவும் வழியில்லாதிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இருந்த ஒரு கைப்பேசியும் பாடங்களுக்குப் போய்விட்டது. ஆசிரியராகிய நாமே பாடங்களை அனுப்பி அக்கைப்பேசிகளைப் பறித்துக்கொண்டோம் எனலாம்.

சார்வரி வருடம் பிறந்த மறுநாள், இரவுக் கடமை முடித்து வந்த தாதியார் குழுவில் ஒரு வரி எழுதினார்: "ஐயாவைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அவர் எங்கை?"

இருபத்தைந்து நாள் கடந்திருந்தது. பெரியவரிடம் இருந்தது பொத்தான் அமுக்கும் சிறு ரெலிபோன். அதன் இலக்கம் எம்மில் எவரிடமும் இல்லை. ஞாயிறு தவறாமல் முதலாளாய் வந்து யன்னல் திறப்பவரிடம் இலக்கம் கேட்கவேண்டிய தேவை எவருக்கு வந்தது? வரவுப் பதிவேடு எமது மேசையிற்றான் இருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை வராவிடின் முதற் பாடத்திலேயே கண்டுகொள்ளும் நாம், இதனைக் காணவில்லை. கைப்பேசியில் உள்ளவர்களே கூட்டமென எண்ணிவிட்டோம்.

அந்நாளில் எம் ஒழுங்கைக்குள் வந்த ஒரே வாகனம் பாண் விற்கும் முச்சக்கர வண்டி. பேத்தோவனின் பியானோ மெட்டொன்றை ஒலித்தபடி வரும் அவ்வண்டியை இலங்கையில் அறியாதார் இலர். அனுமதிப் பத்திரத்துடன் வந்த பாண்காரத் தம்பியை மறித்துக் கேட்டோம்.

"தம்பி, சந்திக்கு அங்கால இருக்கிற போர்ட் எழுதுற ஐயாவைக் கண்டனீரோ?"

"படலை சாத்திக் கிடக்கு மாஸ்டர். மூண்டு நாளாப் பாண் வாங்க வரேல்லை."

ஒரு கடிதம் எழுதி அவரிடம் கொடுத்தோம். அன்றிரவு நாம் உறங்கவில்லை. மறுநாட் காலை பிஸ்கட் பெட்டி மட்டையொன்றில் மறுமொழி வந்தது. பெரியவர் காய்ச்சலாய்ப் படுத்திருக்கிறார். வெளியே சொன்னால் தம்மைக் கொண்டுபோய் எங்காவது தனிமைப்படுத்தி விடுவார்கள் என அஞ்சிப் படலையைச் சாத்திவிட்டார். கடைசி வரி இது: "கூட்டம் நின்றுபோயிற்றென நினைத்து, பிரஷ்களை மண்ணெண்ணெயிற் கழுவிப் பரணிற் போட்டுவிட்டேன்." கை நடுங்கிய நிலையிலும் எழுத்து மட்டும் கடைப் பலகை எழுத்துப்போல் நிமிர்ந்து நின்றது.

தாதியார் உரியவர்களுக்கு அறிவித்தார். சாதாரணக் காய்ச்சலென்று முடிந்தது. டெங்குவாக இருந்திருந்தால் என்னும் எண்ணம் இன்றும் எம்மை விட்டபாடில்லை.

அன்று மாலை, வீட்டிற் கிடந்த கோடில்லாப் பெரிய கொப்பியொன்றைத் துணிப்பையிலிட்டுப் பாண்காரத் தம்பியிடம் ஒப்படைத்தோம். அவர் செல்லும் வழியில் எம் கூட்டத்தார் வீடுகள் பதினொன்று இருந்தன. கொப்பியைப் பெறுபவர் அதனை ஒரு பகல் வெயிலில் வைத்துப் பின் கையிலெடுக்க வேண்டும். (கடதாசி வழியாகத் தொற்றுவது மிக அரிதென்று பின்னர் தெரியவந்தது, அன்று எல்லாவற்றுக்கும் பயந்தோம்.) தம் வீட்டு வாசலிலிருந்து தெரிவது எதுவோ அதனை ஒரு பக்கத்தில் வரைய வேண்டும். முந்திய பக்கத்துக்கு ஒரு நிறையும் ஒரு குறையும் எழுத வேண்டும். இரண்டாம் நாட் காலை கொப்பி வண்டியேறிவிட வேண்டும்.

முதற் பக்கத்தில் நாம் எம் வளவுப் பனையை வரைந்தோம். அடுத்ததாகக் கொப்பி பெரியவரிடம் சென்றது. அவர் எழுதினார்: "அடிமரம் நன்று. வட்டை விசிறிபோல் விரித்து வைத்திருக்கிறீர்கள், மாஸ்டர். பனைக்கு முதுகுப் பக்கமும் உண்டு." ஒரு மாதமாகப் பெருவிரல்களையே பார்த்திருந்த எமக்கு அக்குறை கண்டபோது உண்டான மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. பிற்பகல் முழுவதும் பனையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெரியவர் வரைந்தது, படலை இடுக்கால் தெரியும் பாண் வண்டி. தாதியார் வீட்டுக்குள் கொண்டுவராது வாசலிலேயே கழற்றி வைக்கும் தம் சப்பாத்துக்களை வரைந்திருந்தார். வெள்ளவத்தையில் அகப்பட்டுக்கொண்ட உறுப்பினர் மாடி யன்னலாற் கண்ட கடலைக் கைப்பேசியில் அனுப்ப, மாணவர் ஒருவர் அதனைப் பார்த்துத் தம் கையாற் கொப்பியிற் பிரதிசெய்தார். கைப்பேசியை நாம் வெறுக்கவில்லை. அது எட்டாத இடத்துக்குக் கொப்பி சென்றது, கொப்பி எட்டாத இடத்துக்கு அது சென்றது.

இரண்டாஞ் சுற்றிற் பெரியவரின் பக்கத்துக்கு, துணிவை வரவழைத்துக்கொண்டு நாமும் ஒரு குறை எழுதினோம்: "சக்கரம் நிலத்திற் படியவில்லை." அதன் கீழே பதில் வந்தது: "படியாதுதான். அது ஓடுகிற சக்கரம்."

மட்டக்களப்புச் சகோதரிக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. வராத எழுவரின் பெயரையும் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயரையும் ஒருவர் பொறுப்பேற்று, நேரிலோ கடிதத்திலோ விசாரிக்கட்டும். கொப்பியொன்றைச் சுற்றவிடுங்கள். அது தாமதமாக வரட்டும். எம் கொப்பி ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய மூன்று கிழமை பிடித்தது. எதிர்பார்த்திருக்க ஒன்று வேண்டுமல்லவா? குறை சொல்லும் வழக்கத்தை மட்டும் மரியாதைக்காகக் கைவிடாதீர்கள்.

2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மீண்டும் நாடு மூடப்பட்டபோது இரண்டாங் கொப்பி புறப்பட்டது. 2022இற் பெற்றோல் இல்லாத மாதங்களில் மூன்றாங் கொப்பி துவிச்சக்கர வண்டியிற் சென்றது. மூன்றும் இப்போது வாசிகசாலை அலுமாரியில் உள்ளன. சங்குப்பூ நீலம் சாம்பலாகிவிட்டது. அரைநாட் பேச்சை விலையாகக் கொடுத்துப் பூசிய மஞ்சளும் வெளிறிவிட்டது. கரிக்கோடுகள் அப்படியே இருக்கின்றன.

முதற் கொப்பியின் பின்னட்டையில், ஊரடங்கு நீங்கியபின், பெரியவர் கறுப்பு எனாமலில் உறுப்பினர் பெயர்களை எழுதித் தந்தார். எண்ணிப் பார்த்தபோது 18 இருந்தன. கடைசிப் பெயர் பாண்காரத் தம்பியுடையது. அவர் இப்போது ஞாயிறு மாலைகளில் விற்பனை முடித்து வருகிறார். வாசிகசாலை வாசலில் வண்டியின் மெட்டை நிறுத்திவிட்டு மாடியேறி, பெரியவருக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, சக்கரம் வரையப் பழகிக்கொண்டிருக்கிறார்.