அந்தச் சந்தின் சுவர்கள்

ஜாலியன்வாலாபாக் என்ற பெயரில் 'பாக்' என்றால் தோட்டம். 1919 ஏப்ரல் 13, வைசாகி நாளில் அது சுற்றிலும் வீட்டுச் சுவர்கள் சூழ்ந்த வெற்றுத் திடலாகத்தான் இருந்தது. பிரிட்டிஷ் ஜெனரல் டயர் கொண்டுவந்த 50 துப்பாக்கிகள், அங்கே கூடியிருந்த மக்கள் மீது சுமார் பத்து நிமிடத்தில் 1,650 குண்டுகளைச் சுட்டன. பிரிட்டிஷ் அரசின் கணக்கில் இறந்தவர்கள் 379 பேர். காங்கிரஸ் விசாரணை ஆயிரம் பேர் வரை என்றது. மறு ஆண்டே அறக்கட்டளை அமைத்து, மக்களிடம் நிதி திரட்டி, அந்த நிலத்தை வாங்கினார்கள். 1961-இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் நினைவுச் சின்னத்தைத் திறந்துவைத்தார். செடிகளும் புல்வெளியும் வளர்ந்து, திடல் உண்மையிலேயே தோட்டமானது. அங்கே வருபவர் என்ன உணர வேண்டும் என்பதை இதுவரை தீர்மானித்தவை குண்டு துளைத்த சுவரும், உயிர் பிழைக்க மக்கள் குதித்த கிணறும், உள்ளே வரும் குறுகிய சந்தும்தான். 2021 ஆகஸ்டில் முடிந்த புதுப்பிப்பு இவற்றின் பேச்சை அடக்கிவிட்டது என்பதே என் குற்றச்சாட்டு.

சந்தையே எடுத்துக்கொள்வோம். டயர் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய கவச வண்டிகளுடன் வந்தார். வழி குறுகலாக இருந்ததால் அவை உள்ளே நுழையவில்லை. நுழைந்திருந்தால் அவற்றைக் கொண்டும் சுட்டிருப்பேன் என்ற பொருளில் படுகொலையை விசாரித்த ஹண்டர் குழுவிடம் அவரே சொன்னார். ஆகவே அந்தச் சந்து வெறும் நடைபாதை ஆகாது, வழக்கின் சாட்சி. அதன் வழியே நடப்பவருக்கு மூச்சு முட்ட வேண்டும். இன்று இருபுறச் சுவர்களிலும் மக்கள் உற்சாகமாக நடந்துபோகும் சிற்பங்கள் இருக்கின்றன. கிணற்றைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வந்துவிட்டது. மாலையில் ஒலி-ஒளிக் காட்சி நடக்கிறது.

அன்றைய விழா நாளில் உள்ளே போன எளிய மக்களைத்தானே சிற்பங்கள் காட்டுகின்றன, வரலாறு தெரியாத இளைஞருக்கு யாராவது விளக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சிதிலமடைந்த பகுதிகளைச் சீர்செய்வதும் அவசியமே. ஆனால் விளக்கத்துக்கு இடம் காட்சிக்கூடம். சாட்சியின் மேனியில் அதை ஒட்டவைக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தர் இதைக் காட்டுகிறது. 1996 ஏப்ரல் 28-இல் ஒருவன் அங்கே 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் 20 பேர் ஒரு சிற்றுண்டிக் கூடத்துக்குள் இறந்தார்கள். அதை முழுவதும் இடித்துத் தள்ள வேண்டும் என்ற குரல் எழுந்தது. ஒரு பகுதியை அகற்றினார்கள். எஞ்சிய சுவர்களைக் கூரையின்றி அப்படியே நிறுத்தி, அருகே ஒரு குளமும் தோட்டமும் அமைத்தார்கள். இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. கொலைகாரனின் பெயர் இல்லை. மௌனமாக நிற்கத்தான் இடம் விட்டிருக்கிறார்கள்.

காயத்தைக் கிளறிக்கொண்டே இருந்தால் எப்படி ஆறும் என்பது இன்னொரு வாதம். போர்ட் ஆர்தரில் மனம் ஆறத் தோட்டம் மட்டும் உதவவில்லை. படுகொலை நடந்த பன்னிரண்டாம் நாளே ஆஸ்திரேலிய அரசுகள் துப்பாக்கிச் சட்டங்களைக் கடுமையாக்க ஒப்புக்கொண்டன. ஜாலியன்வாலாபாகுக்கு அந்த ஆறுதல்கூட வாய்க்கவில்லை. டயர் பதவியை இழந்தார், தண்டனை பெறவில்லை. பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்று அவருக்காக நிதி திரட்டியபோது 26,000 பவுண்டு சேர்ந்தது. நூறாவது ஆண்டில், 2019-இல், பிரிட்டன் வருத்தம் தெரிவித்தது, மன்னிப்பு கேட்கவில்லை. நீதி கிடைக்காத இடத்தில், நடந்தது நடந்ததுதான் என்று சொல்ல எஞ்சியிருப்பவை சுவர்கள் மட்டுமே. அவற்றை அழகுபடுத்தினால் காயம் ஆறாது. கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

கழிப்பறையும் குடிநீரும் நிழலும் இருக்கட்டும். காட்சிக்கூடத்தை இன்னும் விரிவாக்குங்கள், பஞ்சாபி, இந்தியோடு தமிழிலும் விளக்கம் வையுங்கள். அந்தச் சந்தின் சிற்பங்களை மட்டும் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, சுவரை வெறுமையாக விட்டுவிடுங்கள்.