சிறை நிலத்தில் செம்மொழிக் கா

கோவை காந்திபுரத்தில் நடுவண் சிறை நிலத்தின் ஒரு பகுதியிலே, 45 ஏக்கர்ப் பரப்பில், செம்மொழிப் பூங்கா எழுந்துள்ளது. 2010-இல் அந்நகரில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது அறிவிக்கப்பெற்ற இப்பூங்காவிற்கு 2023 திசம்பரில்தான் கால்கோளிட்டனர். 200 கோடி உருபாவிற்கு மேற்செலவிட்டு 2025 நவம்பரில் திறந்தனர். காலந்தாழ்ந்த பணியேயாயினும் நற்பணி. புகையும் புழுதியும் மண்டிய பேருந்து நிலையத்தருகே ஆலைத் தொழிலாளியும் அவன் மக்களும் அமர நிழல் கிடைத்ததே!

வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்தது இச்சிறையில்தான். அந்நிலத்தில் தமிழின் பெயரால் ஒரு கா அமைவதினும் பொருத்தமானது பிறிதில்லை. ஆனால், அரசின் அறிவிப்புகளில் அதன் உட்பகுதிகள் பெற்றுள்ள பெயர்களைப் பாருங்கள்: செம்மொழி வனம், நட்சத்திரத் தோட்டம், மகரந்தத் தோட்டம், ரோசாத் தோட்டம்! ரோசா அயல் மண்ணின் பூ. முளரி என்னும் சொல் நமக்கிருப்பினும், அதனையேனும் பொறுக்கலாம். பூந்தாதுக்கும் நாண்மீனுக்குமா தமிழில் பஞ்சம்? செம்மொழி என்று முன்னே எழுதி, அடுத்த சொல்லிலேயே வடமொழிக்குக் கைநீட்டுவது என்ன முறை?

கா, சோலை, பொழில், தண்டலை, தோப்பு, இளமரக்கா என்று மரச்செறிவின் வகைக்கொரு சொல் கண்டவர் நம் முன்னோர். கா என்பது காக்கப்படும் சோலை. மலையாளத்தார் இன்றும் கோயிற்சோலையைக் காவு என்றே வழங்குகின்றனர். அவர் மறவாததை நாம் மறந்தோம்.

"நிழல் தந்தாற் போதாதா? பெயருக்கு ஏன் இத்துணை வழக்கு?" என்பார் உளர். பெயரறியாப் பொருளின்பால் பற்று எங்ஙனம் பிறக்கும்? கோபிசெட்டிபாளையத்துச் சிற்றூர்ப் பிள்ளை புங்கு, நுணா, வெள்வேல், ஊஞ்சை எனத் தனித்தனி அறியும். எதன் பட்டை எதற்காகும் என்றும் சொல்லும். நகரப் பிள்ளைக்கு அனைத்தும் 'மரம்'. ஒன்று வீழ்ந்தால் எது வீழ்ந்ததென்றும் அறியாது. மேட்டுப்பாளையம் சாலையை அகலப்படுத்தியபோது இருமருங்கும் நின்ற முதுமரங்கள் வீழ்ந்தன. அவற்றைப் பெயர் சொல்லி வருந்தியோர் எத்துணைப் பேர்? கோபியிலிருந்து கோவை செல்லும் வழியிலுள்ள புன்செய்ப் புளியம்பட்டி, கோவையின் ஆவாரம்பாளையம், மருதமலை என ஊர்ப்பெயர்களிலேனும் மரஞ்செடிகள் வாழ்கின்றன.

எனவே அப்பூங்காவில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 பூக்களுள் இந்நிலத்தில் வளரத்தக்கன யாவை என்று கோவை வேளாண் பல்கலைக்கழகத்தாரும் தமிழாசிரியரும் கூடி ஆராய்ந்து நடல் வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் தமிழ்ப்பெயர் முதலிலும் பெரிதாகவும் நிற்றல் வேண்டும். நிலத்திணைப் பெயர் அதன்கீழ் வரலாம். வாரந்தோறும் பள்ளிப் பிள்ளைகளைக் கட்டணமின்றி உள்ளேவிட்டு, பெயர் சொல்லித் தொட்டுக் காட்டல் வேண்டும்.

இதற்கு ஆண்டுகள் சில ஆகலாம். 'வனம்' என்பதைக் 'கா' என மாற்றி எழுதுவதற்கோ, ஒருவர்க்கு ஒருநாட் கூலியும் ஒரு குவளை வண்ணமுமே போதும்.