டால்பினோடு நீந்த ஆசையா? அது தூங்குற நேரம் பாஸ்!

'காட்டு டால்பின்களோடு நீந்தலாம் வாங்க'னு ஹவாய்த் தீவுச் சுற்றுலா விளம்பரங்கள் பல வருஷமா ஆசை காட்டின. ஆனா, அங்கே கரையோரம் வரும் ஸ்பின்னர் டால்பின்கள் நம்மோட விளையாட வரலை, ஓய்வெடுக்க வருது. ராத்திரி முழுக்கக் கடலுக்குள்ள இரை தேடிட்டு, பகல்ல சுறாக்களிடமிருந்து தப்பிக்க ஆழம் குறைஞ்ச விரிகுடாக்கள்ல ஒதுங்கும். சரியா அந்த நேரத்துலதான் படகுகளும் நீச்சல்காரர்களும் சூழ்ந்துக்கிட்டாங்க. தூக்கம் கெட்டா, இரை தேடவும் குட்டிகளைப் பார்த்துக்கவும் தெம்பு ஏது?

அதனாலதான் 2021-ல் அமெரிக்க அரசு, கரையிலிருந்து 2 கடல் மைல் வரை இந்த டால்பின்களைச் சுமார் 45 மீட்டருக்குள் நெருங்கவே தடை போட்டது.

'சூழல் சுற்றுலா'ங்கிற பேரை நம்பிப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: அந்த உயிருக்கு அது விளையாடுற நேரமா, தூங்குற நேரமா?