வீட்டைக் காலி செய்தவர்கள் விலாசத்தை விட்டுப் போனார்கள்

சென்னை கோடம்பாக்கம் டிரஸ்ட்புரத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு படக் கம்பெனி குடியிருந்தது. பூஜை போட்டார்கள், படத்தைப் பாதி எடுத்தார்கள், பாக்கி வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். இப்போது அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது. ஆனால் வக்கீல் நோட்டீஸும் வங்கிக் கடிதமும் இன்னும் அந்தக் கம்பெனி பெயருக்கே வருகின்றன. ஒருநாள் வக்கீல் குமாஸ்தா ஒருவர் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தைச் செல்போனில் திறந்து காட்டினார். பதிவு அலுவலகம் என்ற இடத்தில் எங்கள் கதவு எண்.

கோடம்பாக்கத்தில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு படத்துக்கு ஓர் ஆபீஸ், அடுத்த படத்துக்கு வளசரவாக்கம் என்று போய்க்கொண்டே இருக்கும் தொழில் இது.

விலாசம் மாற்றுவது பெரிய வேலையும் அல்ல. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, இடம் மாறிய 30 நாளுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே ஊருக்குள் என்றால் போர்டு தீர்மானம் போதும். ஐ.என்.சி.-22 படிவம், வாடகை ஒப்பந்தம், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட ஈ.பி. பில், வீட்டுக்காரரின் என்.ஓ.சி., ஆடிட்டர் அல்லது கம்பெனி செக்ரட்டரியின் சான்று. தவறினால் நாளுக்கு 1,000 ரூபாய், 1 லட்சம் வரை அபராதம்.

பழைய விலாசமே இருந்தால் கடன்காரர் தேடி வரமாட்டார் என்று சிலர் நினைக்கிறார்கள். சினிமாவில் பைனான்ஸ் என்றால் செக். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் நோட்டீஸ் வரும். கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டியாக வேண்டும். சரியான விலாசத்துக்குப் பதிவுத் தபால் போனால் சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. பதிவேட்டில் கம்பெனியே கொடுத்து வைத்த விலாசத்தைத் தப்பு என்று பிறகு எந்த வாயால் சொல்வது? நோட்டீஸ் எங்கள் மாடிப்படியில் கிடக்கும், வழக்கு அதுபாட்டுக்கு நடக்கும்.

என் குறை வேறு. என்.ஓ.சி. கொடுக்கும்போது என் கையெழுத்து இல்லாமல் காரியம் நடக்காது. அதைத் திரும்பப் பெற எனக்கென்று ஒரு படிவம் கிடையாது. மாற்றத்தைக் கம்பெனிதான் தாக்கல் செய்ய வேண்டும். நான் பதிவாளருக்கு மனுப் போடலாம், அவ்வளவே.

விலகிக்கொள்ள வழி உள்ள இடமும் உண்டு. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், கம்பெனிக்கு வரும் சட்டத் தபாலை வாங்கிக்கொள்ள ஒரு முகவரை நியமித்தாக வேண்டும். அங்குள்ள வில்மிங்டன் நகரில் ஒரே ஒரு மாடியில்லாக் கட்டடம் லட்சக்கணக்கான கம்பெனிகளுக்கு விலாசம் என்பது ஊர் சிரிக்கும் விஷயம்தான். ஆனால் அந்த முகவர் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு ராஜினாமா செய்யலாம். கம்பெனி வேறு ஆளைப் போடாவிட்டால் அதன் பதிவே பறிபோகும். இங்கேயும் வெளிநாட்டுக் கம்பெனி கிளை திறந்தால், நோட்டீஸ் வாங்க இந்தியாவில் வசிக்கும் ஒருவரின் பெயரைக் கம்பெனிச் சட்டத்தின் 380-ஆவது பிரிவின்கீழ் கொடுக்க வேண்டும். உள்ளூர்க் கம்பெனிக்கு விலாசம் மட்டும் போதும். அந்த விலாசத்துக்குச் சொந்தக்காரர் வாய் திறக்க வழியில்லை.

வீட்டுக்காரருக்கு என்.ஓ.சி.யைத் திரும்பப் பெறும் உரிமை கொடுத்தால் வாடகைத் தகராறில் அதை ஆயுதமாக்குவார் என்பார்கள். ஆக்குவார்தான், எங்கள் தெருவிலேயே அப்படி இருவர் உண்டு. ஆனால் 12-ஆவது பிரிவில் பின்னர் சேர்த்த திருத்தம், நேரில் வந்து பார்க்கும் அதிகாரத்தைப் பதிவாளருக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. ஒப்பந்தம் முடிந்ததற்கான தாளை வீட்டுக்காரர் தாக்கல் செய்யட்டும், கம்பெனிக்கு 30 நாள் கெடு கொடுங்கள், பதில் இல்லை என்றால் வந்து பாருங்கள்.

அதுவரை, இனிக் கம்பெனிக்கு விட்டால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பதாக இருக்கிறேன்: விலாசம் மாற்றிய ஐ.என்.சி.-22 நகலைக் காட்டினால்தான் அட்வான்ஸ் திரும்பும், அதை வாடகையில் கழிக்க முடியாது. புரோக்கருக்குப் பிடிக்கவில்லை. "சினிமா பார்ட்டி இதுக்கெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க சார்" என்கிறார்.